சைதாப்பேட்டை முதல் செம்மேடு வரை: பட்டதாரி ஆசிரியர் பயிற்சியின் வரலாறு

நாமக்கல் மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் கொல்லிமலை இருக்கிறது. அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றை ஏறி முடித்துக் கொஞ்ச தூரம் போனால் செம்மேடு. ஒன்றிய அலுவலகம், பேருந்து நிலையம், கடைகள், வல்வில் ஓரி சிலை என்று மலைக்கே தலைமை இடம் போன்ற ஊர் இது. சுற்றிலும் வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊராட்சிகளின் பெயரெல்லாம் 'நாடு' என்றே முடியும். 2011 கணக்கெடுப்பின்படி மலையில் சுமார் 40,000 பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். (கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ்.)

இந்த மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கணக்கோ அறிவியலோ எடுக்கும் ஆசிரியர் யாராக இருந்தாலும் அவர் ஒரு பட்டமும் அதற்கு மேல் பி.எட். பட்டமும் பெற்றிருக்க வேண்டும். அந்த பி.எட். என்ற படிப்பு எப்படி வந்தது? யாருக்காக, எந்த மாதிரிப் பள்ளியை மனதில் வைத்து உருவாக்கப்பட்டது? அந்தப் படிப்பு செம்மேட்டு வகுப்பறைக்கு எவ்வளவு பொருந்துகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட 300 ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

தமிழ்நாட்டில் ஆசிரியர்களை இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். 'இடைநிலை' என்ற சொல்லைப் பார்த்தால் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவர் என்று தோன்றும். ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள தொடக்கப் பள்ளிகளில் இருப்பவர்கள் இவர்கள்தான். ஏன் இந்தப் பெயர்?

பழைய நாட்களில் எட்டாம் வகுப்பு தேறிவிட்டுப் பயிற்சி பெற்றவரை 'ஹையர் கிரேடு' என்றும், பள்ளி இறுதி வகுப்பு வரை படித்துவிட்டுப் பயிற்சி பெற்றவரை 'செகண்டரி கிரேடு' என்றும் சொன்னார்கள். அதாவது அந்தப் பெயர், ஆசிரியர் எந்த வகுப்புக்குப் பாடம் நடத்துகிறார் என்பதைக் குறிக்கவில்லை. அவர் எதுவரை படித்தார் என்பதைக் குறித்தது. செகண்டரி கிரேடுதான் தமிழில் இடைநிலை ஆயிற்று.

ஆறு முதல் பத்து வரை பாடம் நடத்துபவர் பட்டதாரி ஆசிரியர். பேச்சு வழக்கில் 'பி.டி. அசிஸ்டென்ட்'. பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர். இந்த இரண்டு வகையினருக்கும் பல்கலைக்கழகம் தரும் பயிற்சிப் பட்டம் தேவை. இந்தக் கட்டுரை அந்தப் பட்டத்தைப் பற்றியது.

தரங்கம்பாடியும் எழும்பூரும்

தமிழ் மண்ணில் ஐரோப்பிய முறையில் ஆசிரியர் பயிற்சி தொடங்கிய இடம் தரங்கம்பாடி. டேனிஷ் மிஷனைச் சேர்ந்த சீகன்பால்கு 1716இல் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி ஏற்படுத்தினார். மிஷன் பள்ளிகளுக்கு உபாத்தியாயர்களும் ஊழியர்களும் அதிலிருந்து வந்தார்கள்.

அடுத்த கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ வீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்று நடத்த வந்தார். ஆசிரியர்கள் போதவில்லை, இருந்தவர்களும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவன் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் சகஜம். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். இந்த இரண்டையும் பெல் தன் பள்ளியில் முறைப்படுத்தினார். இங்கிலாந்து திரும்பியதும் 1797இல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது அங்கே ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு எல்லை இருந்தது. எழுத்துக் கூட்டவும் கூட்டல் கழித்தல் போடவும் மூத்த மாணவன் போதும். அல்ஜீப்ராவும் சரித்திரமும் சொல்லிக்கொடுக்க அவன் போதாது. உயர்நிலைப் பள்ளி என்ற ஒன்று வரும்போது வேறு வகையான ஆசிரியர் தேவைப்பட்டார்.

மன்றோவின் கணக்கு

சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1822இல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். ஒவ்வொரு கலெக்டரும் தன் ஜில்லாவில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று எழுதி அனுப்ப வேண்டும். 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பில் மொத்தம் 12,498 பள்ளிகள் என்ற எண் வருகிறது. மாகாண ஜனத்தொகை ஒரு கோடியே 28 லட்சம்.

பள்ளிகள் குறைந்த தரத்தில் இருப்பதற்கு மன்றோ சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. உபாத்தியாயருக்கு மாதம் 6, 7 ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, அந்த வருமானத்துக்குத் தகுதியுள்ளவர் யாரும் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார் என்றார். அவர் போட்ட திட்டம் இது: சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு மத்தியப் பள்ளி, ஜில்லா தோறும் கலெக்டரேட் பள்ளிகள், தாலுகா தோறும் தாசில்தாரி பள்ளிகள். கலெக்டரேட் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், தாசில்தாரி பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். அதாவது நல்ல ஆசிரியர் வேண்டுமானால் பயிற்சியும் சம்பளமும் சேர்ந்து வர வேண்டும் என்பதை 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கவர்னர் எழுதி வைத்திருக்கிறார்.

1827இல் மன்றோ காலரா கண்டு இறந்தார். 1835இல் மெக்காலேயின் குறிப்புக்குப் பிறகு அரசின் கவனமும் பணமும் ஆங்கிலக் கல்விப் பக்கம் திரும்பின. மறு ஆண்டே தாசில்தாரி பள்ளிகள் கைவிடப்பட்டன. தாலுகா அளவிலிருந்து ஆசிரியரை உருவாக்கும் முயற்சி அத்தோடு நின்றது.

1856: நார்மல் ஸ்கூல்

1854இல் உட் அறிக்கை வந்தது. இந்தியாவின் ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வித் துறை, பல்கலைக்கழகம், ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஆகியவை வேண்டும் என்று அது சொன்னது. சென்னையில் முதல் பொதுக்கல்வி இயக்குநராக அலெக்சாண்டர் அர்பத்நாட் 1855இல் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே, 1856இல், அரசு நார்மல் ஸ்கூல் தொடங்கப்பட்டது.

'நார்மல்' என்றால் இங்கே சாதாரணம் என்று பொருள் அல்ல. லத்தீனில் 'நார்மா' என்பது தச்சரின் மூலைமட்டம். அதிலிருந்து அளவுகோல், முன்மாதிரி என்ற அர்த்தம் வந்தது. ஒரு பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோலாக விளங்கும் பள்ளி நார்மல் ஸ்கூல். பிரான்சில் 1794இல் பாரிஸ் நகரிலும், அமெரிக்காவில் 1839இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டனிலும் இதே பெயரில் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கின. அந்த வரிசையில் வந்ததுதான் சென்னை நார்மல் ஸ்கூல்.

இதன் அமைப்பில் ஒரு முக்கிய அம்சம், பயிற்சிப் பள்ளியோடு ஒட்டியே நடக்கும் மாதிரிப் பள்ளி. பயிற்சி பெறுபவர் காலையில் தத்துவம் படிப்பார், பிறகு பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் உண்மையான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார். மேலே ஒரு பேராசிரியர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். இன்றைய பி.எட். மாணவர்களுக்குப் பாடத்திட்டக் குறிப்பும் கற்பித்தல் பயிற்சியும் எவ்வளவு பழக்கமோ, அவ்வளவு பழைய ஏற்பாடு இது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் மெட்ரிகுலேஷன் தேர்வுதான் அடுத்த அரை நூற்றாண்டுக்கு உயர்நிலைப் பள்ளிகளின் இலக்கு. பல்கலைக்கழகம் கேள்வித்தாள் தயாரித்தது, பள்ளிகள் அதற்கு ஏற்பப் பாடம் நடத்தின, நார்மல் ஸ்கூல் அதற்கேற்ற ஆசிரியரை உருவாக்கியது. மூன்றும் இருந்தது பட்டணத்தில், நடந்தது ஆங்கிலத்தில்.

எல்.டி. பட்டம்

1882இல் ஹண்டர் கமிஷன் கல்வி நிலையை ஆராய்ந்தபோது இந்தியா முழுவதிலும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கென்று இருந்த பயிற்சிக் கல்லூரிகள் இரண்டே இரண்டு. ஒன்று சென்னை, மற்றொன்று லாகூர். பட்டதாரிகளுக்குத் தனியாகவும், பட்டம் பெறாதவர்களுக்குத் தனியாகவும் பயிற்சி வேண்டும் என்று கமிஷன் பரிந்துரைத்தது.

1880களில் நார்மல் ஸ்கூல் ஆசிரியர் கல்லூரி ஆகிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் சைதாப்பேட்டைக்கு இடம் மாறியது. பல்கலைக்கழகம் தந்த பட்டத்துக்கு எல்.டி. என்று பெயர். 'லைசென்ஷியேட் இன் டீச்சிங்' என்பதன் சுருக்கம். பழைய பள்ளிகளின் தலைமை ஆசிரியர் பெயர்ப் பலகையில் 'பி.ஏ., எல்.டி.' என்று எழுதியிருப்பது இதுதான். பின்னாளில் இது பி.டி. ஆகி, அதற்கும் பிறகு பி.எட். ஆயிற்று. பட்டத்தின் பெயர் போன பிறகும் 'பி.டி. அசிஸ்டென்ட்' என்ற சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சைதாப்பேட்டையில் படித்தவர்களில் ஒருவர் எல்லோருக்கும் தெரிந்தவர். 1909இல் மாநிலக் கல்லூரியில் தத்துவ ஆசிரியராகச் சேர்ந்த ஓர் இளைஞர், எல்.டி. படிக்கச் சைதாப்பேட்டைக்கு அனுப்பப்பட்டார். அவர்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1962 முதல் அவர் பிறந்த நாளான செப்டம்பர் 5 ஆசிரியர் தினம்.

1904இல் கர்சன் பிரபுவின் அரசு வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானம் பயிற்சிக் கல்லூரிகளைப் பற்றி விரிவாகப் பேசியது. பட்டதாரிக்கு ஓராண்டுப் பயிற்சி போதும், அதற்குப் பல்கலைக்கழகம் பட்டமோ டிப்ளமோவோ தர வேண்டும், கல்லூரியோடு ஒரு நல்ல மாதிரிப் பள்ளி இணைந்திருக்க வேண்டும் என்றது. இன்னொன்றும் சொன்னது. கல்லூரியில் கற்ற முறைகளை ஆசிரியர் பள்ளிக்குப் போனதும் மறந்துவிடாமல் இருக்க, கல்லூரிக்கும் பள்ளிகளுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்றது. முதல் மூன்றும் நடந்தன. நான்காவது காகிதத்தோடு நின்றது.

பெண்கள் வந்த வழி

பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமானால் ஆசிரியைகள் வேண்டும். 1866இல் இந்தியா வந்த மேரி கார்பென்டர் இதை எல்லா மாகாணங்களிலும் வற்புறுத்தினார். 1870 வாக்கில் சென்னையில் பெண்களுக்கான அரசு நார்மல் ஸ்கூல் ஏற்பட்டது.

ஆனால் படிக்க வருவது யார்? பத்து வயதில் கல்யாணம் ஆகும் காலம். இதற்கு ஒரு வித்தியாசமான விடை கண்டவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறு வயதிலேயே கணவரை இழந்தவர், 1911இல் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர். தன்னைப் போன்ற இளம் விதவைகளுக்கு ஒரு விடுதி ஏற்படுத்தினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அது நடந்தது. அங்கே தங்கிப் படித்த பெண்கள் பலர் ஆசிரியைகள் ஆனார்கள். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் மாதிரிப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக இருந்தவரும் சுப்புலட்சுமிதான். 1923இல் வேப்பேரியில் செயின்ட் கிறிஸ்டோபர் கல்லூரி, 1937இல் ராயப்பேட்டையில் மெஸ்டன் கல்லூரி என்று பட்டியல் நீண்டது.

இதில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. சமூகத்தில் ஒரு பிரிவினரிடம் கல்வி போய்ச் சேர, அந்தப் பிரிவிலிருந்தே ஆசிரியர்கள் வர வேண்டியிருந்தது. அவர்கள் வருவதற்குத் தங்கும் இடமும் சாப்பாடும் பயிற்சியும் ஒருசேரக் கிடைக்க வேண்டியிருந்தது. இந்தப் பாடம் மலைக்கும் பொருந்தும்.

கிராமத்துக்கு வந்த பயிற்சி

1937இல் காந்தியடிகள் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். கைத்தொழிலும் ஊர் வாழ்க்கையும் பாடத்தின் நடுவே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்படிக் கற்பிக்க ஆசிரியர் பட்டணத்தில் பயிற்சி பெற்றால் போதாது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கோவை அருகே பெரியநாயக்கன்பாளையத்தில் தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் ஆரம்பித்திருந்த ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் 1950இல் ஆசிரியர் கல்லூரி வந்தது. காரைக்குடியில் அழகப்பர் கல்லூரி, பாளையங்கோட்டையில் சவேரியார் கல்லூரி என அதே காலத்தில் சென்னைக்கு வெளியே பல பயிற்சிக் கல்லூரிகள் தோன்றின.

காமராஜர் ஆட்சியில் பள்ளிகள் பெருகின. 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. தொடக்கப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் சில ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார்கள். பட்டதாரி ஆசிரியர் எண்ணிக்கையும் அதற்கேற்பக் கூட வேண்டியிருந்தது. 1978இல் மேல்நிலை வகுப்புகள் வந்ததும் முதுகலை ஆசிரியர் தேவையும் சேர்ந்துகொண்டது.

நாமக்கல் மாவட்டத்தில், காவிரிக் கரையில் பவானிக்கு எதிரே உள்ள குமாரபாளையத்திலும் ஓர் அரசு கல்வியியல் கல்லூரி உருவானது. தமிழ்நாட்டில் அரசு நடத்தும் பி.எட். கல்லூரிகள் ஏழுதான். அவற்றில் ஒன்று கொல்லிமலை இருக்கும் மாவட்டத்திலேயே இருக்கிறது. மாவட்டத்தின் மேற்கு எல்லையில் கல்லூரி, கிழக்கு எல்லையில் மலை.

கோத்தாரி சொன்ன தனிமை

1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கமிஷன், ஆசிரியர் பயிற்சியின் நோயை ஒரே சொல்லில் சொன்னது: தனிமை. பயிற்சிக் கல்லூரி பல்கலைக்கழக வாழ்க்கையிலிருந்து விலகி நிற்கிறது, பள்ளிகளிலிருந்து விலகி நிற்கிறது, ஒரு பயிற்சி நிறுவனம் இன்னொன்றிலிருந்தும் விலகி நிற்கிறது என்றது.

பல்கலைக்கழகத் தனிமையைப் போக்க ஒரு முயற்சி ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 1963இல் மைசூர், போபால், புவனேஸ்வர், அஜ்மீர் ஆகிய நான்கு ஊர்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் வந்தன. பட்டப்படிப்பையும் பயிற்சியையும் நான்கு ஆண்டுகளில் சேர்த்தே படிக்கும் வகுப்புகள் அங்கே நடந்தன. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். பற்றிப் பேசுவது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் பள்ளியிலிருந்து விலகி நிற்கும் தனிமை அவ்வளவு எளிதில் போகவில்லை. ஓராண்டு பி.எட். காலத்தில் கற்பித்தல் பயிற்சி 40 நாள். அதுவும் பெரும்பாலும் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய பள்ளியில். பாடம் நடத்துவார்கள், வரைபடங்கள் மாட்டுவார்கள், மாதிரிகள் செய்து வைப்பார்கள், மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடுவார். 40 நாள் முடிந்ததும் பள்ளி பழையபடி ஆகிவிடும்.

தனியார் வெள்ளம்

1993இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமச் சட்டம் நிறைவேறி 1995இல் நடைமுறைக்கு வந்தது. கல்லூரி தொடங்க அனுமதி தரும் அதிகாரம் டில்லிக்குப் போனது. அதற்குப் பிறகு, குறிப்பாக 2000க்குப் பின், தமிழ்நாட்டில் சுயநிதி பி.எட். கல்லூரிகள் மளமளவென்று முளைத்தன. 7 அரசுக் கல்லூரிகளும் 14 அரசு உதவி பெறும் கல்லூரிகளும் இருந்த மாநிலத்தில் மொத்த எண்ணிக்கை 600ஐத் தாண்டியது. இவற்றை நிர்வகிக்க 2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தனியாக ஏற்படுத்தப்பட்டது.

ஒரு பக்கம் இதில் நன்மையும் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற ஆயிரக்கணக்கான பெண்கள் பக்கத்து ஊரிலேயே பி.எட். படித்தார்கள். மறுபக்கம், தரம் பற்றிய கேள்வி எழுந்தது. 2012இல் நீதிபதி ஜே.எஸ். வர்மா கமிஷன் இந்தியாவில் ஆசிரியராக விரும்புவோருக்கான பயிற்சி நிறுவனங்களில் சுமார் 90 சதவீதம் தனியார் கையில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, தரத்தைப் பற்றிக் கவலை தெரிவித்தது. அதே 2012 ஜூலையில் தமிழ்நாட்டின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. ஆறரை லட்சம் பேர் வாக்கில் எழுதினார்கள், தேறியவர்கள் 2,448 பேர். நேரம் போதவில்லை என்ற புகார் வலுத்து, அக்டோபரில் மறுதேர்வு வைத்தார்கள். அதில் தேறியவர்கள் அதிகம் என்றாலும், பட்டயமும் பட்டமும் வைத்திருப்பது வேறு, வேலைக்குத் தகுதி பெறுவது வேறு என்ற நிலை அன்றோடு உறுதியாயிற்று.

2014இல் வந்த விதிகளால் 2015–16 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. பள்ளியில் இருக்க வேண்டிய காலம் 20 வாரமாக உயர்ந்தது. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் தொடர்ச்சியான உள்ளிருப்புப் பயிற்சி. முதுகலை போன்ற மேற்படிப்பு முடித்தவர்களுக்கு மீண்டும் ஓராண்டு பி.எட். என்ற வரைவு விதிகள் 2025இல் வெளியாயின. ஓராண்டா, இரண்டாண்டா, நான்காண்டா என்ற விவாதம் 1904 முதல் நடந்துகொண்டே இருக்கிறது. பயிற்சி எந்தப் பள்ளியில் நடக்க வேண்டும் என்ற விவாதம் அந்த அளவுக்கு நடந்ததில்லை.

மலை மேலே

கொல்லிமலைக்கு நவீனப் பள்ளி வந்த கதையில் முதலில் வருவது ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனரி தம்பதி. 1913 வாக்கில் மலையேறி, இன்றைய செம்மேடு இருக்கும் வாழவந்தி நாட்டில் குடியேறினார்கள். வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிகள் நடத்தினார்கள். வெளியூர்க்காரர்கள் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து இரவு தங்காமல் இறங்கிவிடும் காலம் அது. 1929இல் ஜெஸ்ஸி அந்த மலேரியாவின் கொடிய வகைக்கே பலியானார். 1914இல் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றார்.

இன்று மலேரியா பயம் இல்லை, ரோடு இருக்கிறது. ஆனால் இறங்கிவிடும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. மலைப் பள்ளிகளில் ஆசிரியர் காலியிடம் என்பது தமிழ்நாட்டின் எல்லா மலைகளிலும் கேட்கும் பழைய குறை. பணி நியமனம் கிடைத்து வருபவர் மாறுதல் கலந்தாய்வில் சமவெளிக்குப் போக முயல்வார். இதில் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. குடும்பம் கீழே இருக்கும், பிள்ளைகளின் பள்ளி கீழே இருக்கும். அவர் பெற்ற பயிற்சியும் கீழே உள்ள பள்ளிக்கானது.

மலையடிவாரத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். முட்டைக்குப் பெயர் போன நாமக்கல், விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகளுக்கும் பெயர் போனது. மாநில அளவில் முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் தமிழக அரசு நிறுத்தும் வரை, தேர்வு முடிவு வரும் நாளில் இந்த மாவட்டத்தின் பெயர் பத்திரிகைகளில் தவறாமல் வரும். கோழிப் பண்ணையையும் இந்தப் பள்ளிகளையும் சேர்த்து 'பிராய்லர் பள்ளி' என்று கிண்டல் செய்பவர்களும் உண்டு. மேலே இருப்பதும் விடுதிப் பள்ளிதான். உண்டு உறைவிடப் பள்ளி. அங்கே பிள்ளை தங்குவது மதிப்பெண்ணுக்காக அல்ல, வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே மலை கிடப்பதால்.

அந்த வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்குச் சில விஷயங்கள் தெரிந்திருந்தால் நல்லது. அங்கே பல பிள்ளைகளின் வீட்டில் பத்தாம் வகுப்பு வரை வந்த முதல் ஆள் அந்தப் பிள்ளையே. சாமை, தினை, மிளகு, காபி, பலா, அன்னாசி, மரவள்ளி இவை எல்லாம் அவர்களுக்குப் பாடப் புத்தகத்துக்கு வெளியே நன்றாகத் தெரிந்த தாவரவியல். ஒளிச்சேர்க்கையும் மகரந்தச் சேர்க்கையும் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல ஆய்வகம் சமவெளியில் எங்கும் இல்லை. மழை, சரிவு, மண் அரிப்பு எல்லாம் புவியியல் பாடமாக ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. அறுவடைக் காலத்தில் பிள்ளை ஏன் வரவில்லை என்று புரிந்துகொள்வதும், திரும்பி வந்ததும் விட்ட பாடத்தைப் பிடிக்க வைப்பதும் ஒரு தனித் திறமை. விடுதியில் இரவு அழும் ஆறாம் வகுப்புப் பிள்ளையைத் தேற்றுவதும் அப்படித்தான். 40 நாள் பயிற்சியில் பக்கத்து டவுன் பள்ளியில் இவற்றில் எதுவும் கிடைக்காது.

பதினாறு வாரம்

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒரு விஷயம் மாறாமல் இருப்பது தெரிகிறது. நார்மல் ஸ்கூல் காலத்திலிருந்து இன்று வரை, மாதிரிப் பள்ளி கல்லூரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் எந்தப் பள்ளி பக்கத்தில் இருக்கிறதோ அதுவே அளவுகோல் ஆகிவிடுகிறது. பட்டணத்துப் பள்ளி அளவுகோலாக இருக்கும் வரை மலைப் பள்ளி ஒரு விதிவிலக்காகவும், சில சமயம் ஒரு தண்டனை இடமாகவும் பார்க்கப்படும்.

கொல்லிமலையில் செங்கரையில் ஒரு ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. பெயரிலேயே 'மாதிரி' இருக்கிறது. 16 வாரம் என்பது ஏறக்குறைய நான்கு மாதம். குமாரபாளையத்திலிருந்தோ வேறு கல்லூரியிலிருந்தோ பத்து மாணவ ஆசிரியர்கள் அந்த நான்கு மாதத்தை மலையிலேயே தங்கிக் கழித்தால், காலியிடம் உள்ள பள்ளிக்கு உதவியும் கிடைக்கும், அவர்களுக்கு மலையைப் பற்றிய பயமும் போகும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். தங்க இடமும், வழிகாட்ட ஒரு மூத்த ஆசிரியரும், மேற்பார்வைக்கு மாதம் இரண்டு தடவை மலையேறும் ஒரு பேராசிரியரும் போதும்.

அதைவிட முக்கியமானது, மலையிலிருந்தே ஆசிரியர்கள் வருவது. 1990 முதல் தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம் தனி இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் வாழவந்தி நாட்டில் பிறந்த ஒரு பெண் பட்டதாரி ஆசிரியர் ஆக, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டு பட்டம், இரண்டாண்டு பி.எட்., தகுதித் தேர்வு, அதற்குப் பிறகு பணி நியமனத் தேர்வு என்று ஐந்து படிகளைத் தாண்ட வேண்டும். மலையில் பள்ளிப் படிப்பை முடித்த பிறகு ஒவ்வொரு படியும் மலைக்குக் கீழே இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். ஐஸ் ஹவுஸில் சுப்புலட்சுமி செய்தது இங்கேயும் தேவைப்படுகிறது: தங்க இடம், சாப்பாடு, படிப்பு மூன்றும் ஒரே கூரையின் கீழ், படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் வரை.

தன் ஊர்ப் பேச்சில் கணக்குச் சொல்லித் தரும் டீச்சர், தன் சித்தப்பா தோட்டத்து மிளகுக் கொடியைக் காட்டித் தாவரவியல் நடத்தும் டீச்சர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லாதவர். அப்படிப் பத்துப் பேர் வந்தால் செம்மேட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் என்பவர் கீழேயிருந்து வருபவர் என்ற எண்ணம் போய்விடும். மன்றோ 1826இல் தாலுகா அளவில் தொடங்கி, பத்தே ஆண்டில் கைவிடப்பட்ட அந்த வேலை கொல்லிமலையில் இன்னும் பாக்கி இருக்கிறது.